பெயர் மாறிய பிள்ளைகள்: மைசூர்ப் போர்க்காலத்துக் காதலும் குடும்பமும்

மைசூரிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் சென்றால் சீரங்கப்பட்டணம். காவிரி இரு கிளையாகப் பிரிந்து அணைத்துக்கொண்டிருக்கும் தீவு அது. இங்குக் கல்வி பயில வந்துள்ள தமிழ் மாணவருள் அவ்வூரைக் காணாதவர் சிலரே இருப்பர். அரங்கநாதர் கோயிலைக் கண்டு, திப்பு வீழ்ந்த இடத்தைக் கண்டு, தரியா தௌலத் மாளிகைக்கும் சென்றிருப்போம். அம்மாளிகைச் சுவரில் ஒரு பெரிய ஓவியம் உண்டு. 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள பொள்ளிலூரில் ஐதர் அலியின் படை ஆங்கிலக் கும்பினிப் படையை முறியடித்த காட்சி அதில் தீட்டப்பட்டுள்ளது. நடுவில் வெடித்துச் சிதறும் மருந்துவண்டியைக் காணலாம். பல்லக்கில் தவித்திருக்கும் ஆங்கிலத் தளபதி பெய்லியைக் காணலாம். ஆயினும் அது போர்க்களத்தைக் காட்டும் ஓவியம், வீட்டைக் காட்டுவதன்று. அந்தப் போரில் ஊரிழந்தவர் யார், உறவிழந்தவர் யார், புதிய உறவு கொண்டவர் யார் என்று அதனிடம் கேட்க இயலாது.

அக்கேள்வியை நாம் கேட்போம். சமயம் வேறு, மொழி வேறு, நாடு வேறு என்றிருந்த ஆணும் பெண்ணும் போர் நடுவே ஒரு குடும்பமாயினர் என்றால், அக்குடும்பம் பின்னர் என்னவாயிற்று? இதற்கு விடை தரும் உண்மை வரலாறுகள் இரண்டினை இக்கட்டுரையில் ஆராய்வோம். ஒன்று சீரங்கப்பட்டணத்துக் கோட்டைக்குள் நிகழ்ந்தது. மற்றொன்று, சீரங்கப்பட்டணம் வீழ்ந்த அதே நாள்களில் ஐதராபாத்தில் நிகழ்ந்தது.

வரலாற்றுக் காதற்கதை எதைத் தேடுகிறது?

தமிழர்க்கு வரலாற்றுக் காதற்கதை புதிதன்று. கல்கியின் ‘சிவகாமியின் சபத’த்தைப் படிக்காத இளமை உண்டோ? பல்லவ இளவரசன் நரசிம்மனுக்கும் ஆடற்கலைச் செல்வி சிவகாமிக்கும் இடையே போர் புகுகிறது. சிவகாமி வாதாபிக்குச் சிறையெடுத்துச் செல்லப்படுகிறாள். அந்த வாதாபி, இன்று நாம் வாழும் இந்தக் கருநாடக மாநிலத்தின் பாதாமியே. போர் ஒரு பெண்ணை நாடு கடத்தினால் காதல் என்னவாகும் என்பதே அக்கதையின் உயிர்நாடி.

மைசூர்ப் போர்களும் கதையாசிரியர்களை ஈர்த்தன. ஆங்கில வரலாற்றுப் புதினத்தின் தந்தை எனப்படும் வால்ட்டர் ஸ்காட், 1827-இல் ‘மருத்துவர் மகள்’ என்னும் பொருள்படும் கதையொன்றை எழுதினார். தன்னை நம்பி வந்த ஆங்கிலப் பெண்ணைத் திப்புவிடம் ஒப்படைக்கச் சூழ்ச்சி செய்கிறான் ஓர் ஆங்கிலேயன். ஐதர் அலி அவளை மீட்டு, வஞ்சகனை யானைக்காலில் இடறச் செய்கிறார். ஸ்காட் இந்திய மண்ணை மிதித்தவரல்லர். கேட்டதையும் படித்ததையும் கொண்டு கற்பனை செய்தார். 1840-இல் மெடோஸ் டெய்லர் என்பார் திப்பு சுல்தானின் பெயராலேயே மைசூர்ப் போர்க் கதையொன்றை வெளியிட்டார். அவரோ ஐதராபாத் நிசாமின் படையில் பணியாற்றி, இந்நாட்டை நேரில் அறிந்தவர்.

இத்தகைய கதைகளில் ஒரு பொதுத்தன்மை உண்டு. தலைவனும் தலைவியும் சேர்ந்தால் கதை முடிந்துவிடும். அல்லது இருவருள் ஒருவர் இறந்தால் முடிந்துவிடும். உண்மை வாழ்க்கை அவ்விடத்தில் முடிவதில்லை. பிள்ளைகள் பிறக்கின்றன. அவர்களுக்கு ஒரு பெயர் வைக்கவேண்டும். எந்த மொழியில், எந்தச் சமயத்தில் வைப்பது? போர் முடிந்தபின் யார் யாருடன் செல்வது? கதை நின்ற இடத்தில்தான் வரலாறு தொடங்குகிறது.

கோட்டைக்குள் ஒரு குடும்பம்

சேம்சு சுகரி என்பவன் இங்கிலாந்தின் தெவன் பகுதியில் பிறந்த சிறுவன். 1780-இல் ‘அனிபால்’ என்னும் போர்க்கப்பலில் ஏறினான். வழியில் அக்கப்பலைப் பிரெஞ்சுக் கடற்படையினர் கைப்பற்றினர். அப்போது இரண்டாம் மைசூர்ப் போர் நடந்துகொண்டிருந்தது. பிரெஞ்சுக்காரர் ஐதரின் நண்பர். எனவே சிறைப்பட்ட ஆங்கிலேயர் பலர் 1782-இல் தமிழகக் கடற்கரையில் ஐதரிடம் ஒப்படைக்கப்பட்டனர். சுகரியும் அவருள் ஒருவன். சீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டுவரப்பட்ட அவனும் அவனையொத்த இளைஞரும் தம் விருப்பத்துக்கு மாறாக இசுலாத்தில் சேர்க்கப்பட்டனர். அவனுக்குச் சம்சேர்கான் என்று பெயரிடப்பட்டது. அடிமைப்படையில் பணி அளிக்கப்பட்டது.

1784-இல் மங்களூர் உடன்படிக்கை ஏற்பட்டது. சிறைப்பட்டோரை விடுவித்தல் அதன் விதிகளுள் ஒன்று. ஆயினும் இவ்விளைஞர் விடுவிக்கப்படவில்லை. மாறாக, அவர்களுக்கு மணம் முடித்துவைக்கப்பட்டது. மணப்பெண்கள் யாவர்? அவர்களும் சிறைப்பட்டோரே. 1780-இல் ஐதரின் படை ஆற்காட்டு நாட்டுக்குள் புகுந்தபோது, அதாவது இன்றைய வட தமிழகத்தில் புகுந்தபோது, அங்கிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். சுகரி தன் நூலில் அக்காட்சியை விவரிக்கின்றான். ஆடவர் ஒரு வரிசையில் நிறுத்தப்பட்டனர். அவர்களுக்குப் பின்னால் அதே எண்ணிக்கையில் பெண்கள் நிறுத்தப்பட்டனர். ‘திரும்புக’ என்று ஆணை பிறந்தது. திரும்பியவன் எதிரே நின்றவள் எவளோ, அவளே அவனுக்கு மனைவி. படைப்பயிற்சி போல நடந்து முடிந்தது திருமணம்!

இதனைக் காதல் என்று சொல்லலாமா? சொல்லுதல் தகாது. ஆணும் தேர்ந்தெடுக்கவில்லை, பெண்ணும் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் அதன்பின் நிகழ்ந்ததை எளிதில் தள்ளிவிடவும் இயலாது. அன்புடையவள் என்று சுகரி தன் மனைவியைப் பற்றி எழுதுகின்றான். கும்பினியின் சண்டையில் சிக்கிய ஆங்கிலச் சிறுவனும், நவாபின் நாட்டில் பிறந்து அச்சண்டையால் வீடிழந்த பெண்ணும், மூன்றாமவரின் கோட்டைக்குள் ஓர் அடுப்பை மூட்டி, ஒரு பாயில் அமர்ந்து உண்டு, ஒரு குடும்பமாக வாழ்ந்தனர்.

மூன்றாம் மைசூர்ப் போர் 1790-இல் மூண்டது. அக்குழப்பத்தில் சுகரி தப்பினான். தப்பியவன் தனியே தப்பினான், குடும்பம் பின்தங்கிவிட்டது. ஆங்கிலேயரிடம் சென்று சேர்ந்தபோது நாற்காலியில் அமரும் வழக்கமும், கத்தியும் முள்ளும் கொண்டு உண்ணும் வழக்கமும் அவனிடம் அற்றுப்போயிருந்தன. தாய்மொழி நாவில் தடுமாறிற்று. ஆங்கில உடை அவனுக்கு வெறுப்பாயிருந்தது. மேனியோ வெயிலில் கறுத்திருந்தது. அவன் 1822-இல் இறந்தான். இருஆண்டு கழித்து, 1824-இல், அவன் சிறைவாழ்வைக் கூறும் நூல் இங்கிலாந்தில் வெளிவந்தது.

இங்கு மாணவர் ஒன்றைக் குறித்துக்கொள்ளவேண்டும். இந்நூல் ஒருபக்கச் சாட்சி. சிறையிருந்தவன் தன்னைச் சிறைவைத்தவரைப் பற்றி, அவர்தம் பகைவருக்காக எழுதியது. அதனால் அதில் உள்ளதெல்லாம் பொய்யாகிவிடாது. அதுவே முழு உண்மையும் ஆகிவிடாது. 1791-இல் மராட்டியப் படையினர் சிருங்கேரி மடத்தைச் சூறையாடியபோது, அம்மடத்தைச் சீர்ப்படுத்தத் திப்பு சுல்தான் பொருள் உதவினார். மடத்தின் தலைவருக்கு வணக்கத்துடன் கடிதங்கள் எழுதினார். அக்கடிதங்கள் இன்றும் உள்ளன. சிறுவரைக் கட்டாயமாக மதம் மாற்றியதும், பிற சமய மடத்தைப் புரந்ததும் ஓர் ஆட்சியின் செயல்களே. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைப்பவன் வரலாறு எழுதவில்லை, வழக்காடுகின்றான்.

அதனினும் முதன்மையான குறிப்பு வேறொன்று உண்டு. சுகரிக்கு நூல் உண்டு. ஆற்காட்டு நாட்டிலிருந்து வந்த அப்பெண் எழுதிய நூல் இல்லை. கணவன் திரும்பாத அந்த நாளில் அவள் என்ன செய்தாள் என்று நமக்குச் சொல்ல எவரும் இல்லை.

பிணையாகச் சென்ற மைந்தர்

இத்துயரம் அடிமைப்படையினர் குடிசையோடு நின்றதா? இல்லை. அரண்மனைக்கும் வந்தது. 1792-இல் காரன்வாலிசின் படை சீரங்கப்பட்டணத்தைச் சூழ்ந்தது. திப்பு தம் நாட்டில் பாதியை இழந்தார். இழப்பீட்டுத் தொகை கட்டி முடியும்வரை இரு மைந்தர்களைப் பிணையாகத் தரவேண்டியதாயிற்று. பத்து வயதும் எட்டு வயதும் ஆன அப்துல் காலிக், முயிசுத்தீன் என்னும் அச்சிறுவர் இருவரும் சென்னைக்கு அனுப்பப்பட்டனர். 1794-இல்தான் தந்தையிடம் திரும்பினர். காரன்வாலிசு அவர்களைக் கைப்பிடித்து வரவேற்கும் காட்சியை ஆங்கில ஓவியர் பலர் வண்ணப்படமாக்கினர். பிள்ளைகளை அனுப்பிய அந்தப்புரத்து அன்னையரை வரைந்தவர் யார்?

1799 மே 4 அன்று கோட்டை வீழ்ந்தது; திப்பு களத்தில் மாண்டார். அவர் குடும்பம் நம் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டது. 1806-இல் வேலூர்ச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபின் மைந்தர்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். அக்குடும்பத்துப் பெண்டிர் சிலரின் கல்லறைகள் வேலூரில் இன்றும் இருக்கின்றன. சீரங்கப்பட்டணத்துக் கதை தமிழகத்தில் முடிந்தது இவ்வாறு.

ஐதராபாத்தில் ஒரு மணம்

இனி, இரண்டாம் வரலாற்றுக்கு வருவோம். இது நிகழ்ந்த இடம் ஐதராபாத்தாயினும், இதன் பின்னணி மைசூர்ப் போரே.

சேம்சு அக்கிலிஸ் கிர்க்பாட்ரிக் என்பவர் 1764-இல் சென்னையில் பிறந்தவர். கும்பினிப் படையில் சேர்ந்து, பின்னர் ஐதராபாத் நிசாமின் அவையில் ஆங்கிலத் தூதராக, அக்கால வழக்கில் ‘ரெசிடெண்டு’ ஆக, அமர்ந்தார். பாரசீகமும் இந்துத்தானியும் நன்கறிந்தவர். இந்நாட்டு உடையையும் பழக்கவழக்கங்களையும் விரும்பி மேற்கொண்டவர். 1798 செப்டம்பரில் நிசாமைக் கும்பினியின் பக்கம் சேர்த்த உடன்படிக்கையை முடித்தவர் அவரே. அடுத்த திங்களிலேயே நிசாமிடம் இருந்த பிரெஞ்சுப் பயிற்சிப்படை, ஆயிரக்கணக்கான வீரரைக் கொண்டது, பெரும்போர் இன்றிக் கலைக்கப்பட்டது. இதனால் திப்பு தனித்துவிடப்பட்டார். 1799-இல் சீரங்கப்பட்டணத்தை நோக்கி நடந்த படையில் நிசாமின் படையும் இருந்தது. அதன் தலைவர் மீர் ஆலம்.

அந்த மீர் ஆலமின் உறவுக் குடும்பத்தில் பிறந்தவள் கைருன்னிசா. நபிகள் வழியினர் என்று பெருமை கொண்ட சையது குலம். அவள் பாட்டனார் பாகர் அலிகான், ஆங்கிலப் படையின் சம்பளப் பொறுப்பை நிசாம் சார்பில் ஏற்றிருந்தவர். அக்குடும்பத்துத் திருமணமொன்றில் கிர்க்பாட்ரிக் கைருன்னிசாவை முதன்முதல் கண்டார் என்பர். கைருன்னிசா வேறொருவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தாள். அவளோ அம்மணத்துக்கு உடன்படவில்லை. அவள் தாய் சரபுன்னிசா மகளின் பக்கம் நின்றார். இறுதியில் இசுலாமிய முறைப்படி நிக்காகு நிகழ்ந்தது. அதன்பொருட்டுக் கிர்க்பாட்ரிக் இசுலாத்தைத் தழுவினார்.

இங்கே பகை எங்கிருந்து வந்தது என்பதைக் கவனியுங்கள். இரு சமயத்துக்கும் இடையிலிருந்து வந்ததைவிட, இரு அரசுக்கும் இடையிலிருந்து வந்ததே மிகுதி. ‘நம் தூதன் நிசாமின் உறவினனாகிவிட்டால் நம் பக்கம் நிற்பானா?’ என்று கும்பினி அஞ்சிற்று. ‘ஆங்கிலத் தூதன் நம் குலப்பெண்ணை வலிந்து கவர்ந்தான்’ என்று ஐதராபாத்தில் அலர் எழுந்தது. கவர்னர்-செனரல் வெல்லெசுலி விசாரணை நடத்தச் செய்தார். 1801-இல் சென்னையிலும் சாட்சிகள் விசாரிக்கப்பட்டனர். ஒருவன் தன் மனைவியை விரும்பி மணந்தானா என்பது அரசாங்கக் கோப்பில் ஏறும் செய்தியாயிற்று! கிர்க்பாட்ரிக் பதவியை இழக்கும் விளிம்பு வரை சென்று தப்பினார்.

இரண்டு குழந்தைகள் பிறந்தன. 1801-இல் பிறந்த மகனைச் சாகிபு ஆலம் என்றும், 1802-இல் பிறந்த மகளைச் சாகிபு பேகம் என்றும் அழைத்தனர். மகளின் பெயர் நூருன்னிசா. கணவர் ஐதராபாத்தில் ஒரு பெருமாளிகை எழுப்பினார். கோட்டி என்னும் பகுதியில் அது இன்றும் நிற்கிறது. 1949 முதல் பெண்கள் கல்வி பயிலும் வளாகமாக விளங்கிவருகிறது. தோட்டத்தில் அம்மாளிகையின் சிறிய மாதிரி ஒன்று உண்டு. திரைக்குள் வாழ்ந்த கைருன்னிசா மாளிகையின் முகப்பைச் சென்று காண இயலாமையால், அவள் காண்பதற்காகவே கணவர் அதைக் கட்டினார் என்று மக்கள் சொல்வதுண்டு. அவள் வாழ்ந்த அந்தப்புரமோ 19-ஆம் நூற்றாண்டிலேயே இடிக்கப்பட்டுவிட்டது. ஆங்கிலத் தூதரின் மாளிகையில் ஒரு முசுலிம் மனைவி வாழ்ந்த சுவடு, பின்வந்த ஆங்கிலேயருக்குக் கூச்சமாயிருந்தது.

சென்னைத் துறைமுகத்தில்

அக்காலக் கும்பினி அதிகாரிகள் தம் பிள்ளைகளை ஐந்தாறு வயதிலேயே இங்கிலாந்துக்கு அனுப்பிவிடுவர். இந்தியத் தாய்க்குப் பிறந்த பிள்ளைகளுக்கோ இது மேலும் நெருக்கடியாயிற்று. 1790-களில் கும்பினி செய்த ஆணைகளால், பெற்றோருள் ஒருவர் இந்தியராயின் கும்பினியின் உயர்பணிகளில் அப்பிள்ளை சேர இயலாது. இங்கே இருந்தால் வாழ்வில்லை. அங்கே சென்றால் தாயில்லை. தந்தை அங்கே என்று முடிவு செய்தார்.

1805-இல் பிள்ளைகள் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டனர். அங்கு சார்ச்சு சின்னெரி என்னும் ஓவியர் அவ்விருவரையும் வரைந்தார். ஐதராபாத் உடையும் தொப்பியும் அணிந்து, படிக்கட்டின் மேல் இரு குழந்தைகள் நிற்கின்றனர். அண்ணன் நேரே நோக்குகின்றான். தங்கையின் கண்களில் கலக்கம். பிள்ளைகள் போனபின் தாயிடம் எஞ்சியிருக்கவேண்டும் என்பதற்காக வரையப்பட்ட ஓவியம் அது. செப்டம்பரில் கப்பல் புறப்பட்டது.

தந்தை சென்னையிலிருந்து கல்கத்தாவுக்குச் சென்றார். நோயுற்று 1805 அக்டோபர் 15 அன்று அங்கே மறைந்தார். பிள்ளைகள் கடலில் இருந்தனர். மனைவி ஐதராபாத்தில் இருந்தாள். இரு திங்களுக்குள் ஒரு குடும்பம் மூன்றாகச் சிதறிற்று.

இலண்டனில் 1806-இல் பிள்ளைகளுக்கு ஞானத்தீட்சை அளிக்கப்பட்டது. சாகிபு ஆலம் வில்லியம் சார்ச்சு ஆனான். நூருன்னிசா கேத்தரின் அரோரா ஆனாள்; வீட்டார் கிட்டி என்று அழைத்தனர். சீரங்கப்பட்டணத்தில் ஆங்கிலச் சிறுவன் சம்சேர்கான் ஆனதை எண்ணிப் பாருங்கள். திசை மாறிற்று, செயல் மாறவில்லை. வென்றவர் வீட்டில் வளரும் பிள்ளை வென்றவர் பெயரையே தாங்கவேண்டும் என்பது இரு பக்கத்துக்கும் பொதுவான சட்டமாயிருந்தது. அங்கே வாளால் நடந்தது. இங்கே அன்பால், நன்மை கருதி, நடந்தது. ஆயினும் இழந்த பெயர் இழந்ததே. பிறந்த ஊருக்குக் கடிதம் எழுதுவதும் தடுக்கப்பட்டது.

கைருன்னிசா கல்கத்தா சென்று கணவர் கல்லறையில் அழுதாள். அங்கே கணவரின் உதவியாளராயிருந்த என்றி ரசல் என்பவரின் துணையை நம்பினாள். அதனால் ஐதராபாத்துக்குத் திரும்ப இயலாமல் மசூலிப்பட்டணத்தில் தங்கவேண்டியதாயிற்று. ரசலோ 1808-இல் சென்னையில் வேறொரு பெண்ணை மணந்துகொண்டார். பல ஆண்டு கழித்து ஊர் திரும்பிய கைருன்னிசா 1813-இல் இளமையிலேயே இறந்தாள். பிள்ளைகளை அவள் மீண்டும் காணவில்லை.

36 ஆண்டுக்குப் பின் ஒரு கடிதம்

கிட்டி இங்கிலாந்தில் அழகும் பண்பும் உடைய மங்கையாக வளர்ந்தாள். எழுத்தாளர் தாமசு கார்லைல் இளமையில் அவளைக் கண்டு வியந்தார். அவருடைய ‘சார்ட்டர் ரிசார்ட்டசு’ நூலில் வரும் புளூமைன் என்னும் பாத்திரத்துக்கு அவளே மூலம் என்பர். அண்ணன் 1828-இல் இறந்தான். 1829-இல் கிட்டி திருமணம் செய்துகொண்டாள்.

ஒருநாள் அவள் இங்கிலாந்தில் ரசலின் மாளிகைக்குச் செல்ல நேர்ந்தது. அங்கே சுவரில் சின்னெரியின் ஓவியம்! மூன்று வயதில் தொலைத்த தன்னையே அவள் கண்டாள், கண்ணீர் விட்டாள். தாயிடம் இருக்கவேண்டிய படம் எவ்வாறோ ரசலிடம் வந்திருந்தது. பிற்காலத்தில் அது கிட்டியையே சேர்ந்தது.

1841-இல் அவளுக்கு ஒரு செய்தி எட்டிற்று. பாட்டி சரபுன்னிசா ஐதராபாத்தில் இன்னும் உயிரோடிருக்கின்றார்! 36 ஆண்டு கழிந்து பேர்த்தி பாட்டிக்கு எழுதினாள். பேர்த்திக்கு ஆங்கிலம் தவிர வேறு மொழி இல்லை. பாட்டி பாரசீகத்தில் சொல்லி எழுதுவித்தார். இடையில் மொழிபெயர்ப்பாளர். ஐதராபாத்து வீடும், பிரியும்போது தாய் அழுத அழுகையும் தன் நினைவில் நிற்பதாகப் பேர்த்தி எழுதினாள். தலைமயிர் இழைகள் கடல் கடந்து சென்றன, வந்தன. தாயின் மயிரிழையை மகள் பெற்றாள். இவ்வாறு ஆறு ஆண்டு கடிதம் நடந்தது. 1847-இல் பாட்டி மறைந்தார். இருவரும் நேரில் சந்திக்கவே இல்லை.

இவ்வரலாற்றை விரிவாக ஆராய்ந்து வில்லியம் டால்ரிம்பிள் 2002-இல் ஒரு நூல் வெளியிட்டார். அரசாங்கக் கோப்புகளோடு குடும்பத்தார் போற்றிவைத்த தாள்களும் இருந்தமையால்தான் அது இயன்றது. ஆற்காட்டுப் பெண்ணுக்கு அத்தகைய தாள் இல்லை. கைருன்னிசாவுக்கு உண்டு. ஒருத்தி செல்வக் குடும்பத்தவள், மற்றொருத்தி சிறைப்பட்ட ஏழை என்பதே வேறுபாடு. துயரத்தில் இருவருக்கும் ஏற்றத்தாழ்வு இல்லை, ஏட்டில்தான் உண்டு.

நாம் கற்பது என்ன?

மாணவ நண்பர்களே, நாளை நம்முள் ஒருவர் இவற்றை வைத்து ஒரு வரலாற்றுக் கதை எழுதலாம். மற்றவர் அதைப் படித்து மதிப்பிடலாம். இருவருக்கும் பயன்படும் நான்கு வினாக்களைச் சொல்லி முடிக்கின்றேன்.

முதலாவது, இணைந்தது விருப்பத்தாலா, ஆணையாலா? சீரங்கப்பட்டணத்து வரிசைத் திருமணத்தைக் காதல் என்று எழுதினால் பொய். அதன்பின் வளர்ந்த அன்பை எழுதாவிட்டால் அதுவும் பொய். இரண்டையும் பிரித்துக் காட்டும் நேர்மை வேண்டும்.

இரண்டாவது, பிரித்தது சமயமா, அரசா? மதம் வேறாயிருந்தமையால் குடும்பம் சிதைந்தது என்று சொல்லுதல் எளிது. சான்றுகளோ வேறு சொல்கின்றன. சுகரியின் குடும்பத்தைப் பிரித்தது போர். கிர்க்பாட்ரிக்கின் பிள்ளைகளை அனுப்பியது கும்பினியின் பணிச்சட்டம். வீட்டுக்குள் நிக்காகும் ஒப்புரவும் இடம் கண்டன. கோட்டைக்கும் கோப்புக்கும்தான் அங்கே இடம் போதவில்லை.

மூன்றாவது, பின்தங்கியவர் யார்? ஒவ்வொரு முறையும் ஆடவன் புறப்பட்டான் அல்லது இறந்தான், பெண் பின்தங்கினாள். அவளோடு கதையும் நின்றுவிடக் கூடாது. கிர்க்பாட்ரிக் இறந்தபின் கைருன்னிசா எட்டு ஆண்டு வாழ்ந்தாள். அந்த எட்டு ஆண்டை எழுதாத காதற்கதை, பாதிக் கதையே.

நான்காவது, பிள்ளையின் பெயர் என்ன? இரு பெயரையும் எழுதுங்கள். நூருன்னிசா என்பதும் கிட்டி என்பதும் ஒருத்தியே. ஒரு பெயரை மட்டும் எழுதுவோர், அவளைப் பிரித்த அதே வேலையை மீண்டும் ஒருமுறை செய்கின்றனர்.

நாமும் ஒரு மொழி வழங்கும் நாட்டிலிருந்து மற்றொரு மொழி வழங்கும் நாட்டுக்குப் படிக்க வந்தவர்களே. ஆனால் நம்மை எவரும் வரிசையில் நிறுத்தித் திருப்பவில்லை, பெயரை மாற்றவில்லை, வீட்டுக்குக் கடிதம் எழுதத் தடை செய்யவில்லை. விடுமுறை வந்தால் இரவு வண்டியேறிக் காலையில் தாய் முகம் காண்கிறோம். இது எளிய பேறன்று. அடுத்த முறை தரியா தௌலத் மாளிகைக்குச் செல்லும்போது, பொள்ளிலூர் ஓவியத்தின் முன் சற்று நில்லுங்கள். அச்சுவரில் இல்லாத ஒரு பெண்ணை, அந்தப் போரில் ஆற்காட்டு நாட்டிலிருந்து நடந்தே இத்தீவுக்கு வந்து, இங்கே ஒரு குடும்பம் கண்டு, அதையும் இழந்தவளை, ஒரு நொடி நினைத்துக்கொள்ளுங்கள். அவளுக்காக நூல் எழுத எவரும் இருந்ததில்லை. இனியேனும் நம்மில் ஒருவர் எழுதுவாராக.